486-ஐக் கர்னல் கைவிட்டால் ஏற்காட்டுக் கணினி என்ன ஆகும்?

சேலம் அஞ்சு ரோடு பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையின் பின்பக்கம் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். வீடுகளில் பரண் ஏறிக் கிடக்கும் பழைய மடிக்கணினிகளை வாங்கி, தூசி தட்டி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, ஏற்காட்டு மலைக் கிராமங்களில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு ஞாயிறு அவர் மேசையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று, காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் பல வருடம் பில் போட்ட பென்டியம் 4 டெஸ்க்டாப். ராம் 1 ஜிபி. இன்னொன்று, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. ராம் 2 ஜிபி.

"ஏம்பா, லினக்ஸ்ல 486-ஐத் தூக்கறாங்களாமே. இனி 32 பிட்டே இருக்காதுங்கறாங்க. அப்ப இதெல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதானா?" என்று கேட்டார்.

"இல்லீங்கண்ணா" என்று அப்போதைக்குச் சொன்னேன். 486 என்பது இன்டெலின் பழைய ப்ராசஸர் ஒன்று. 32 பிட் என்பது ப்ராசஸர் ஒரே முறையில் கையாளும் எண்ணின் நீளம். ஆனால் அவர் கேள்விக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்த ப்ராசஸரை ஏற்கும் என்பது ஒன்று. எவ்வளவு மெமரியை அது நேராகக் கையாளும் என்பது வேறு. கடைசியில் யார் அதைத் தொகுத்து நம் கைக்குத் தருகிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், நன்றாக ஓடுகிற மெஷின் எடைக்குப் போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ப்ராசஸரிலிருந்து தொடங்குவோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுதியதே 4 எம்பி ராமும் 486-க்கு முந்தைய 386 ப்ராசஸரும் கொண்ட ஒரு கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவையே 3.8-ஆம் பதிப்பில், 2013 பிப்ரவரியில், கர்னல் கைவிட்டது. பிறந்த வீட்டையே இடித்தார்கள் என்று அப்போது சிலர் வருத்தப்பட்டார்கள். இடித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணம் ப்ராசஸரும் மெமரியும் சேருகிற இடத்தில் இருக்கிறது.

ஒரு நிரல் தன்னைப்போல் இன்னொன்றைப் பிரதி எடுக்கும்போது, கர்னல் மெமரி முழுவதையும் உடனே நகல் எடுப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் மண்டியை இரண்டு மகன்கள் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். பழைய பேரேடு ஒன்றுதான். படிப்பது மட்டும்தான் வேலை என்றால் இருவரும் அதையே பார்த்துக்கொள்ளலாம். ஒருவன் அதில் புதிதாக ஒரு வரி எழுதப்போகும்போதுதான், அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும். எழுதும்போது நகல் என்று இந்த முறைக்குப் பெயர். இதற்குப் பொதுப் பக்கங்களை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவைப்பார்கள். யாராவது எழுதக் கைவைத்தால் ப்ராசஸர் தடுத்து நிறுத்திக் கர்னலைக் கூப்பிடும்.

386-ல் இந்தப் பூட்டு சாதாரண நிரல்களைத் தடுத்தது, கர்னலைத் தடுக்கவில்லை. நிரலின் சார்பாகக் கர்னலே அந்தப் பக்கத்தில் எழுதும்போது, ப்ராசஸர் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டு மகன்களின் கணக்கும் ஒன்றாகக் கலந்து கெட்டுவிடும். ஆகவே 386-க்காக மட்டும், எழுதுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கர்னல் தானே கையால் சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கர்னலையும் தடுக்கிற வசதி 1989-ல் வந்த 486-ல் சேர்ந்தது.

இப்போது 486-இன் முறை. பல வேலைகள் ஒரே மெமரி இடத்தைத் தொடும்போது கர்னலுக்கு ஓர் ஆணை மிக முக்கியம்: 'இங்கே நான் கடைசியாகப் பார்த்த மதிப்பே இருக்கிறதா என்று பார், இருந்தால் புதியதை எழுது, இடையில் வேறு யாரும் புகக் கூடாது.' இதை 8 பைட்டுக்கு ஒரே மூச்சில் செய்யும் ஆணை 1993-ல் வந்த பென்டியத்தில்தான் அறிமுகமானது. 486-ல் கிடையாது. அங்கே ஓடும்போது கர்னல் குறுக்கீடுகளை நிறுத்திவிட்டு, பல ஆணைகளைக் கோத்து அதே வேலையை ஒப்பேற்றும். நேரத்தை மிக நுணுக்கமாக எண்ணும் எண்ணியும் 486-ல் கிடையாது. 2022-லேயே டோர்வால்ட்ஸ், 486-ஐயும் விட்டுவிடலாமே என்று பேச்சை எடுத்தார். 2025 ஏப்ரலில் கர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான இங்கோ மோல்னார், இந்த இரண்டும் இல்லாத ப்ராசஸர்களைக் கைவிடும் மாற்றங்களை எழுதி முன்வைத்தார். 386-ஐ நீக்கும் மாற்றங்களை டோர்வால்ட்ஸுக்கு அனுப்பிவைத்தவரும் அவர்தான். அந்த மாற்றங்களில் நீங்குவது பதினாலாயிரம் வரிகளுக்கு மேல். அதில் பெரும்பகுதி, தசமக் கணக்குப் போடும் பாகம் இல்லாத 486எஸ்எக்ஸ் போன்ற சில்லுகளுக்காக அந்தக் கணக்கை மென்பொருளாகவே போட்டுக்கொடுத்த பகுதி.

எங்களோடு வருகிற கல்லூரித் தங்கச்சி ஒருத்தி இதைக் கேட்டதும், "அந்த கோடிங் சும்மாதானண்ணா கிடக்குது, இருந்துட்டுப் போகட்டுமே?" என்றாள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கர்னலில் சும்மா கிடக்கும் வரி என்று ஒன்று இல்லை. பூட்டுகளைக் கையாளும் பகுதியை ஒருவர் மாற்றுகிறார் என்றால், 486-க்கான ஒப்பேற்றும் வழியிலும் அது சரியாக நடக்கிறதா என்று அவர் யோசித்தாக வேண்டும். யோசித்து எழுதியதைச் சோதிக்க அவரிடம் 486 கிடையாது. அவருக்குத் தெரிந்த யாரிடமும் கிடையாது. சோதிக்கப்படாத வழியில் பிழை இருந்தால், அதைத் தேடிப் போகும் நேரம் இன்றைக்கு ஓடுகிற கோடிக்கணக்கான கணினிகளின் வேலையிலிருந்து எடுத்த நேரம்.

இந்த நீக்கம் சரி என்பதே என் கருத்து. நான் சேலத்தில் 486 ஓடிப் பார்த்து எவ்வளவோ வருடம் ஆகிறது. அண்ணன் மேசையில் இருந்த எஸ்டேட் பெட்டியோ பென்டியம் 4. அந்த 8 பைட் ஆணையும் உண்டு, எண்ணியும் உண்டு. 486 போவதால் அதற்கு ஒரு கீறலும் விழாது.

அதற்கு வரக்கூடிய நெருக்கடி வேறு பக்கம் இருக்கிறது, மெமரியில். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

நம் ஊரில் வீட்டுச் சுவரில் 'பழைய எண் 14, புதிய எண் 37' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிரல்களுக்குக் கர்னல் கொடுப்பதும் இப்படி ஓர் எண்தான். நிரல் தன் கையிலிருக்கும் எண்ணைச் சொல்லிக் கேட்கும். ராமில் உண்மையாக அது எந்த இடம் என்பதைக் கர்னல் வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து ப்ராசஸர் கண்டுபிடிக்கும். இந்த மாற்றம் பைட் பைட்டாக நடப்பதில்லை, 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக நடக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4 ஜிபிக்குத்தான் வரும். அந்த 4 ஜிபி எண்களில் 3 ஜிபியை நிரலுக்கும் 1 ஜிபியைக் கர்னலுக்கும் லினக்ஸ் பிரித்துக்கொடுத்தது. கர்னலின் 1 ஜிபியிலும் சாதனங்களுக்கும் தற்காலிகத் தேவைகளுக்கும் 128 எம்பி ஒதுக்கினால், மீதி 896 எம்பி. கர்னல் எப்போதும் நேராகக் கைநீட்டி எடுக்கக்கூடிய ராம் அவ்வளவுதான்.

அதற்கு மேல் ராம் இருந்தால்? ஜவ்வரிசி வியாபாரிகளைப் பாருங்கள். கடையில் இருக்கும் மூட்டை கைக்கெட்டும். மற்றதெல்லாம் குடோனில். குடோன் மூட்டையைத் தொட வேண்டுமென்றால் கடைக்குக் கொண்டுவந்து இறக்கி, பிரித்துப் பார்த்து, திருப்பி அனுப்ப வேண்டும். கடையில் இறக்கி வைக்கவும் சில இடங்கள்தான் உண்டு. லினக்ஸில் இந்தக் குடோனுக்கு ஹைமெம் என்று பெயர். 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு இதைப் பரவலாக்கியது. அதற்கு முன்பே, 1995-ல், இன்டெல் தன் பென்டியம் ப்ரோவில் ராமின் முகவரியை 36 பிட்டாக்கி 64 ஜிபிவரை வைக்க வழி செய்திருந்தது. நிரலின் எண் 32 பிட், ராமின் எண் 36 பிட். கடை அதே அளவு, குடோன் மட்டும் பதினாறு மடங்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ராமின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கர்னல் ஒரு சிறு குறிப்பு வைத்திருக்கும்: யார் கையில் இருக்கிறது, எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பது போல. 32 பிட்டில் அந்தக் குறிப்பு சுமார் 32 பைட். 64 ஜிபியில் இருக்கும் பக்கங்கள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம். பெருக்கினால் 512 எம்பி. இந்தக் குறிப்பேடு குடோனில் இருக்க முடியாது, கடையிலேயே இருக்க வேண்டும். அதாவது 896 எம்பி கடையில் பாதிக்கு மேல் இடத்தைக் குடோன் கணக்குப் புத்தகமே அடைத்துக்கொள்ளும். குடோனில் பத்து இருபது ஜிபி காலியாகக் கிடக்கும்போதே, கடையில் இடமில்லை என்று மெஷின் திணறி விழும். பெரிய ராம் போட்ட 32 பிட் சர்வர்கள் இப்படித்தான் தவித்தன. எக்ஸ்86 எனும் இன்டெல் வகை ப்ராசஸர்களில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஹைமெம்மை 2025 மே மாதம் வந்த 6.15 பதிப்பு நீக்கியதில் இழப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு ராம் போடும் மெஷின்கள் எப்போதோ 64 பிட்டுக்குப் போய்விட்டன. 36 பிட் முகவரிக்காக வந்த அந்தப் பெரிய அட்டவணை முறை மட்டும் இன்னும் இருக்கிறது. தரவு இருக்கும் பக்கத்தை ஆணையாக ஓடவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு பிட் அதில்தான் உண்டு.

மீதி ஹைமெம் பற்றித்தான் இப்போது பேச்சு. கர்னலின் 32 பிட் எதிர்காலத்தைப் பல வருடமாகக் கவனித்துவரும் ஆர்ண்ட் பெர்க்மன் 2025-ல் இதை வெளிப்படையாகவே பேசினார். ஹைமெம் இருக்கும்வரை, கோப்பு முறைமை எழுதுகிறவர் ஆனாலும் சாதன இயக்கி எழுதுகிறவர் ஆனாலும், ஒரு பக்கத்தைத் தொடுமுன் 'இதைக் கடைக்குக் கொண்டுவா' என்று கேட்டு, முடிந்ததும் 'திருப்பி அனுப்பு' என்று சொல்ல வேண்டும். 64 பிட் மெஷினில் எல்லாமே கடையில்தான், ஆகவே அந்தக் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. எழுதுகிறவரின் மெஷினோ 64 பிட். கேட்க மறந்தாலும், திருப்பி அனுப்ப மறந்தாலும், அவரிடம் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். பிழை எங்கோ ஒரு பழைய மெஷினில், அவர் பார்க்கவே பார்க்காத இடத்தில் வெடிக்கும்.

ஆதரவு என்ற சொல்லை நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்று நினைக்கிறேன். மேலிருந்து யாரோ கொடுக்கும் வாக்குறுதி போல அதைப் பேசுகிறோம். நடைமுறையில், அந்த மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு புதுக் கர்னலை ஓட்டிப் பார்த்து, உடைந்தால் சொல்லி, திருத்தவும் ஆள் இருந்தால் ஆதரவு இருக்கிறது. ஆள் போனால் ஆதரவும் போய்விடும். இன்டெலும் எச்பியும் சேர்ந்து பெரும் பொருட்செலவில் கொண்டுவந்த இட்டானியம் ப்ராசஸர் 2001-ல் சந்தைக்கு வந்தது. பராமரிக்க ஆள் முன்வராததால் 2024 ஜனவரியில் வந்த 6.7-இல் அது கர்னலைவிட்டுப் போனது. 1979-ல் வந்த மோட்டோரோலா 68000 ப்ராசஸர் வம்சத்துக்கான பகுதி இன்னும் கர்னலில் இருக்கிறது. அமிகா, அடாரி கணினிகளை ஆசையாக வைத்திருந்து ஓட்டிப் பார்ப்பவர்களும், அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். விலையோ வயதோ இங்கே முடிவு செய்யவில்லை. 2018-இல் 4.17 பதிப்பில் ஒரே மூச்சில் எட்டு ப்ராசஸர் வகைகள் நீங்கியதும் இதே கதைதான்.

புதிதாகச் சேர்வதற்கும் விதி இதுவே. ரிஸ்க் ஃபைவ் என்ற திறந்த ஆணைத்தொகுதி 2018 ஜனவரியில் 4.15 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் அந்த ஆணைத்தொகுதியில் அமைந்தது. நம் மாநிலத்தில் வடிவமைத்த சில்லுக்குக் கர்னல் தயாராக இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பகுதியைச் சோதிக்கவும் ஆள் வேண்டும்.

எஸ்டேட் பெட்டிக்கு வருகிறேன். அதில் 1 ஜிபி, அதாவது 1024 எம்பி. 896 போக, குடோனில் கிடப்பது வெறும் 128 எம்பி. ஹைமெம் முழுவதும் நீங்கினால் அந்த 128 வீணாகிவிடுமே என்று தோன்றும். வீணாகாது. இதே அளவு மெஷின்களுக்காகவே கர்னலில் ஒரு விருப்பம் இருக்கிறது. 3-க்கு 1 என்ற பாகப்பிரிவினையைச் சற்று நகர்த்தி, நிரலுக்கு 2.75 ஜிபி எண்களும் கர்னலுக்கு 1.25 ஜிபியும் கொடுத்தால், 1 ஜிபி ராமும் கடைக்குள் வந்துவிடும். பாதிக்குப் பாதி பிரித்தால் ஏறக்குறைய 2 ஜிபிவரை சமாளிக்கலாம். நிரலுக்கு எண்கள் குறையும். பில் போடும் நிரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மடிக்கணினிக்கு நல்ல செய்தி இருந்தது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்தவற்றைப் பலர் 32 பிட் மெஷின் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஏற்றியிருந்த இயங்குதளம் 32 பிட்டாக இருந்ததால். எங்கள் மேசையில் இருந்த மெஷினின் ப்ராசஸர் 64 பிட். பார்ப்பது எளிது. லினக்ஸில் ப்ராசஸர் விவரம் காட்டும் கோப்பைத் திறந்தால் அதன் திறன்கள் சின்னச் சின்ன எழுத்துகளாக வரிசையாக வரும். அதில் 'எல்எம்' என்று இருந்தால் 64 பிட் ஓடும். பென்டியம் 4-லேயே பிற்காலத்தில் வந்த சிலவற்றில் அது உண்டு. எஸ்டேட் பெட்டியில் இல்லை.

64 பிட் என்றதும் எண்கள் எல்லையில்லாமல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2003-ல் ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டெரான் ப்ராசஸரோடு வந்த வடிவத்தில் 48 பிட்தான் புழக்கத்தில். 256 டெராபைட். இதன் அட்டவணை நான்கு அடுக்கு. நம் பின்கோடு போல: முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் இருக்கும் மண்டலம், 636 என்றால் சேலம், கடைசி எண்களுக்குப் போகும்போது நம் தபால் நிலையம். ஒவ்வொரு அடுக்கிலும் ப்ராசஸர் 9 பிட்டைப் பார்த்து அடுத்த அட்டவணைக்குப் போகும். 2017-ல் 4.14 பதிப்பு ஐந்தாவது அடுக்கையும் ஏற்றது. எண்கள் 57 பிட், 128 பெட்டாபைட். அப்போது எழுந்த சிக்கல் சுவையானது. பயன்படாத மேல் பிட்டுகள் சும்மாதானே இருக்கின்றன என்று சில நிரல்கள் அங்கே தங்கள் சொந்தக் குறிப்புகளை எழுதிவைத்திருந்தன. திடீரென்று அந்த இடமும் முகவரியானால் அவை குழம்பும். ஆகவே, நிரல் தானாக முன்வந்து கேட்டாலொழிய உயர்ந்த எண்களைக் கர்னல் கொடுப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பிடிவாதம். பழைய ப்ராசஸரை நீக்குகிறவர்களும் இதே ஆட்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

2 ஜிபி மடிக்கணினியில் 64 பிட் ஏற்றுவதற்கு ஒரு விலை உண்டு. மெமரியில் முகவரி எழுதிவைக்கும் ஒவ்வொரு இடமும் 4 பைட்டிலிருந்து 8 பைட்டாகும். அதே நிரல் கூடுதல் ராம் கேட்கும். இதற்குக் கைகொடுப்பது, 2014-ல் 3.14 பதிப்பில் நிலைபெற்ற இசட்ராம். உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ராமிலேயே சுருக்கி வைக்கும். மெதுவாகச் சுற்றும் பழைய ஹார்டுடிஸ்க்கோடு போராடுவதைவிட இது எவ்வளவோ மேல். நாங்கள் கொடுக்கும் எல்லா மெஷினிலும் இதைப் போட்டுவிடுகிறோம். உலாவியில் ஏழெட்டு பக்கங்களைத் திறந்தால் திணறும்தான். பாடம் படிக்க, தட்டச்சுப் பழக, நிரல் எழுதிப் பார்க்கப் போதும்.

அண்ணன் கேள்வியில் மிஞ்சியது மூன்றாவது முடிச்சு: கர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்து நம் கைக்குத் தரும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற தொகுப்புகள். கர்னல் 32 பிட்டை இன்னும் கைவிடவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான கர்னலும் நிறுவியும் கிடையாது. உபுண்டுவும் ஃபெடோராவும் பல வருடம் முன்பே நிறுத்திவிட்டன. எஸ்டேட் பெட்டியின் வாழ்நாளை உண்மையில் சுருக்கியது இந்த முடிவுதான், 486 நீக்கம் அல்ல. அதற்கு டெபியன் 12 ஏற்றி, இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பில்லும் கூலிக் கணக்கும் மட்டும் போட அனுப்பினோம். பழைய முறையில் நேரத்தை 32 பிட்டில் எண்ணும் நிரல் அதில் இருந்தால் 2038 ஜனவரி 19-ஆம் தேதி தடுமாறும். அதுவரை அந்த மதர்போர்டு மலைக் குளிரையும் ஈரத்தையும் தாங்குமா என்பதுதான் எனக்குக் கவலை.

மடிக்கணினி அடுத்த வாரமே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வைத்திருக்கிறாள். கடையில் அண்ணன் இப்போது ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறார். வருகிற ஒவ்வொரு பழைய மெஷினுக்கும் ப்ராசஸர் பெயர், ராம் அளவு, 'எல்எம்' உண்டா இல்லையா, புதுக் கர்னல் ஏறியதா, ஏறாவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்று தன் கையெழுத்தில் எழுதிவைக்கிறார். நின்றுபோன இடத்தைத் தங்கச்சி படம் எடுத்து, கர்னல்காரர்களுக்கு எழுதி அனுப்புகிறாள். 'எல்எம் இல்லை' என்ற கட்டத்தில் இதுவரை விழுந்திருப்பது எஸ்டேட் பெட்டி ஒன்றுதான்.